எட்டுப் போடும் திடலில் நான் இறங்கிய வரலாறு

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மருமகளுக்கு,

பூமியில் அறுபத்திரண்டு ஆண்டுகளும் ஆகாயத்தில் பதினோரு நிமிடங்களும் வாழ்ந்து பார்த்துவிட்ட உன் தாய்மாமன், வலது காலைத் தரையிலும், மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலியிலும் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நான் சுகம். என் கணுக்கால் சுகமில்லை. உன் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் வீடு பரம சுகம். அங்கே நீயும், உன் பணிமனைக்கு வந்து போகும் சகல விமானங்களும், அவற்றின் கடைசித் திருகாணி வரை, ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "மாமா, எஞ்சின் ஏன் நின்னுச்சு? வாயால சொல்லாதீங்க. நீங்க சொல்ல ஆரம்பிச்சா நான் சிரிச்சிடுவேன், விஷயம் காத்துல போயிடும். மழுப்பாம எழுதி அனுப்புங்க." மழுப்பாமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத தொழில். இருந்தாலும் கேட்பது யார்? விமானத்தைப் பிரித்துப் பூட்டுகிற பெண். உன்னைத் தொட்டிலில் ஆட்டிய இதே கைக்கு இப்போது உன் குரலைக் கேட்டால் நடுக்கம் வருகிறது என்பதை வெளியே சொல்லாதே. எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அவருக்காகத்தான். அவர் மெக்கானிக் கடையைத் திறக்காமல் ஒன்பது நாள் ஆகிறது. இருபத்தாறு வருஷமாக அவர் ஷட்டரைத் தூக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்துவார்கள். இப்போது தெருவே நேரம் தெரியாமல் அலைகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மத்தியானம் கிளம்புகின்றன. உள்ளே சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, அதில் நம் எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று தடவை பிரித்தாயிற்று, மூன்று தடவை பூட்டியாயிற்று. ஒவ்வொரு தடவையும் முதல் திருகிலேயே எஞ்சின் குயில் மாதிரி பாடுகிறது. அதுதான் அவருக்கு இடி. ஒரு பாகம் உடைந்திருந்தால் அதைக் கையில் தூக்கிக் காட்டி "இவன்தான் துரோகி" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார். காரணமே இல்லாமல் ஆகாயத்தில் நின்றுபோன எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் என்ன செய்வான்? நேற்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "இனிமே என் கைய நம்பி யாருக்கும் ஒரு பிரேக் கம்பிகூட மாத்தித் தர மாட்டேன். ஸ்பானர் எல்லாத்தையும் யார் கேட்டாலும் குடுத்துடு. கிடங்குல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்." உன் அப்பா வாட்ச்மேன்! உட்கார வைத்தால் ஐந்தாவது நிமிஷம் குறட்டை விடும் மனிதர். அந்தக் கிடங்கு என்ன பாவம் செய்தது?

இனி வண்டிக்கு வருகிறேன். நீ வரைபடத்தில் மட்டும் பார்த்தது, நாங்கள் கையால் செய்தது. நம் கைரோகாப்டரை, அந்த ஓராள் பறக்கும் வண்டியை, நானும் உன் அப்பாவும் இரண்டு வருஷம், அவர் கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், ஓர் உடன்படிக்கையின்படி கட்டினோம். குழாயாக இருப்பதெல்லாம் என் ராஜ்ஜியம், சுற்றுவதெல்லாம் அவர் ராஜ்ஜியம். அலுமினியச் சட்டம், இருக்கை, மிதி, பெட்ரோல் போகும் வழி என்னுடையவை. எஞ்சின், பின்னால் இருந்து தள்ளும் விசிறி, தலைக்கு மேலே காற்றில் தானாகச் சுழலும் அந்த இரண்டு பெரிய இலைகள் அவருடையவை. எல்லை தாண்டக்கூடாது. ஒரு நாள் நான் அவர் எஞ்சினை ஈரத்துணியால் துடைத்தேன் என்பதற்காக நான்கு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இருக்கை என்பது மூடிப்போன முடிதிருத்தும் கடையிலிருந்து வந்தது. அதில் உட்கார்ந்தாலே தலை தானாகக் குனியும். பெட்ரோல் டேங்க்தான் தகராறான நாடு. "உள்ளே திரவம் இருக்கு, ஆகையால் எனக்கு" என்றேன் நான். "அந்தத் திரவம் எஞ்சினுக்குத்தான் போகுது, ஆகையால் எனக்கு" என்றார் அவர். கடைசியில் டேங்க் எனக்கு, அதன் மூடி அவருக்கு என்று தீர்ப்பாயிற்று. உலக வரலாற்றில் இதைவிட அபாயகரமான எல்லைக்கோடு போடப்பட்டதில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பறக்கக் கற்றுத்தரும் பள்ளிக்காரரிடம் ஆறு வாரம் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் பழகினேன். நீ வாங்கிக் கொடுத்த அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத தார்ப்பாதையில் வண்டியை நிறுத்தினோம். உன் அப்பா மரநிழலில் ஒரு கையில் டீயும் ஒரு கையில் காகிதமுமாக நின்றார். நான் வண்டியை ஒருமுறை வலம் வந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்தேன். என்ன செய்தேன் என்று இந்த இடத்தில் நீ கேட்காதே, நானே சொல்வேன். ஏறினேன், ஓடினேன், எழுந்தேன்.

மருமகளே, அதை என்னவென்று சொல்வேன்! மேகங்கள் என் முழங்காலில் இடித்து "பார்த்துப் போங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போயின. கழுகுகள் வழிவிட்டன. உயரமானி அறுநூறு அடி என்று காட்டியது, அதற்குப் பொறாமை. கீழே ஊர் முழுக்க மொட்டைமாடிகள், மாடிக்கு மாடி தண்ணீர்த் தொட்டிகள். முப்பத்தெட்டு வருஷமாகக் குழாய் வேலைக்காகக் கீழேயிருந்து ஏறிப் போய்ப் பார்த்த தொட்டிகளை முதல் தடவையாக மேலேயிருந்து பார்த்தேன். பதினொன்று என் கையால் வைத்தவை. அதில் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "யாருப்பா அது, மோட்டாரை நிறுத்துங்கப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் எஞ்சின் பயந்து நின்றுபோனது என்று உன் அத்தையிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அவள் பேச்சை நிறுத்தினாள்.

உண்மையில் நடந்தது இது. பதினோராவது நிமிஷம் எஞ்சின் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தது, மேடையில் பேசப் போகிறவர் கனைக்கிற மாதிரி. சரி, ஏதோ சொல்லப் போகிறது என்று காதைத் தீட்டினேன். இரண்டாவது கனைப்பு. மூன்றாவதுக்குப் பிறகு பேச்சாளர் உட்கார்ந்துவிட்டார். அந்த அமைதி இருக்கிறதே, கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. தலைக்கு மேலே இலைகள் மட்டும் வீச் வீச்சென்று சுழன்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு எஞ்சினைப் பற்றிக் கவலையே கிடையாது. காற்று இருக்கிறவரை சுற்றும். இதை நீ என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாய்: "மாமா, கைரோகாப்டர் எஞ்சின் நின்னா கல்லு மாதிரி விழாது, முருங்கை விதை மாதிரி சுத்திக்கிட்டே இறங்கும். நீங்க பயத்துல ஓட்டுற குச்சியைப் பின்னால இழுக்காம இருந்தா போதும்." நான் இழுக்கவில்லை. இழுப்பதற்குக் கையில் தெம்பு இருந்தால்தானே? வண்டியின் மூக்கைக் கொஞ்சம் கீழே குனிய விட்டு, வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டு, இறங்க இடம் தேடினேன். வலப்பக்கம் நெடுஞ்சாலை, லாரி மேல் லாரி. இடப்பக்கம் தொட்டிகள். நேர் எதிரே, சதுரமாக, சுத்தமாக, சிமெண்டு பூசி, நடுவில் வெள்ளை வர்ணத்தில் பெரிதாக ஒரு எட்டு எழுதிய திடல். இருசக்கர வண்டிக்கு உரிமம் கொடுக்கிறவர்கள் எட்டுப் போடச் சொல்லும் இடம்.

அந்த எட்டின் கீழ் வளையத்தில் ஓர் அம்மா ஸ்கூட்டரில் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார். தையற்கடை வைத்திருப்பவர் என்றும், அது அவருக்கு ஆறாவது தேர்வு என்றும், முந்தைய ஐந்திலும் கால் ஊன்றித் தோற்றவர் என்றும் பிற்பாடு தெரிந்தது. ஓரத்தில் குடைக்குக் கீழே ஆய்வாளர், கையில் அட்டை, காதில் பேனா. நான் வருவதை அந்த அம்மா பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவர் அலறினார், ஆனால் அலறிக்கொண்டே விளக்கைப் போட்டு, கையை நீட்டி, வட்டத்தை விட்டு அழகாக விலகி, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் மேல் வளையத்தில் இறங்கினேன். தரை முகத்துக்கு வந்ததும் குச்சியை இழுத்தேன். பின்சக்கரங்கள் பூப்போலத் தொட்டன. அதோடு கதையை நிறுத்தினால் என் பெருமை உலகம் உள்ளவரை நிற்கும். ஆனால் எட்டு வளைகிறது, வண்டி வளையவில்லை. முன்சக்கரம் ஓரக்கல்லில் முட்டி, வண்டி இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து, இலைகளில் ஒன்று நெளிந்து, ஒன்று முறிந்து, என் கணுக்கால் மிதிக்குள் மாட்டிக்கொண்டது.

ஆய்வாளர் ஓடி வரவில்லை. நடந்து வந்தார். அட்டையைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்தார்.

"என்ன வண்டி இது?"

"கைரோகாப்டர் ஐயா."

"எந்த வகுப்புல வருது?"

"வானத்துல வருதுங்க."

"சக்கரம் எத்தனை?"

"மூணுங்க."

"இன்னைக்கு ரெண்டு சக்கரத்துக்கு மட்டும்தான். மூணு சக்கரத்துக்கு வியாழக்கிழமை வரணும். போர்டு வச்சிருக்கோமே, மேலேருந்து பார்க்கலையா?"

"அடுத்த தடவை பார்த்து வரேங்க. இப்ப காலை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடுங்க."

அதற்குள் தையற்கடை அம்மா ஸ்கூட்டரோடு வந்து சேர்ந்தார். அவர் என் காலைப் பார்க்கவில்லை. "சார், நான் கால் ஊனலை! பார்த்தீங்கல்ல? கடைசி வரைக்கும் கால் ஊனவே இல்லை!" ஆய்வாளர் யோசித்தார். "இருபது வருஷமா பார்க்கிறேன்மா. மேலேருந்து வர்ற வண்டிக்குச் சைகை காட்டி வழி விட்ட முதல் ஆள் நீங்கதான். பாஸ்." அந்த அம்மா அழுதேவிட்டார். பிறகு என் காலை மிதியிலிருந்து பக்குவமாக விடுவித்து, கழுத்துத் துண்டால் கட்டும் போட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "என் தங்கச்சிக்கு அடுத்த செவ்வாய் டெஸ்டுங்க. உங்களால வர முடியுமா?"

இனிமேல்தான் மழுப்பக்கூடாத இடம் வருகிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படி.

ஆட்களெல்லாம் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன நேரத்தில் நான் சாய்ந்துகிடந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு நேரே டேங்க். அந்தப் பிளாஸ்டிக் டேங்க் காலையில் நல்ல தொப்பையோடு இருந்தது. இப்போது இரண்டு விலாவும் உள்வாங்கி, பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி இடுப்பு ஒட்டிப்போய் நின்றது. மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. "டொம்" என்று டேங்க் பழைய உருவத்துக்கு வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டிக்குள்ளே இருந்து தண்ணீர் கீழே போக வேண்டுமென்றால் மேலே காற்று உள்ளே வர வேண்டும். இது தெரியாதவன் குழாய் வேலைக்கே வரக்கூடாது. முப்பத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் தொட்டி மூடியில் காற்றுக்கு வழி வைத்துக் கொடுத்தவன் நான். அதற்காகத்தான் உன் அப்பா தன் ராஜ்ஜியமான மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தார்.

அந்த ஓட்டையைத்தான் அன்று காலை நான் அடைத்தேன்.

வேண்டுமென்று செய்வேனா? வண்டியை வலம் வந்தபோது மூடியைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம். விரலை வைத்தேன், பெட்ரோல் வாசனை. ஊரில் எனக்கு "ஒழுக்குக்கு எமன்" என்று பெயர் இருப்பது உனக்குத் தெரியும். ஈரத்தைப் பார்த்ததும் மூளை வீட்டுக்குப் போய்விட்டது, கை மட்டும் வேலைக்கு வந்தது. பையில் எப்போதும் இருக்கும் குழாய்ப் பசையில் இரண்டு உருண்டை கிள்ளி, பிசைந்து, கட்டைவிரலால் வைத்து ஓர் அழுத்து. அடேயப்பா, என்ன அடைப்பு! என் ஆயுளில் அப்படி ஓர் அடைப்பு நான் அடைத்ததில்லை. காற்றல்ல, காலனே நினைத்தாலும் உள்ளே போக முடியாது. போகவும் இல்லை. எஞ்சின் பதினோரு நிமிஷம் வெறும் வயிற்றை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் கிடைக்காமல் மயங்கி விழுந்தது. உன் அப்பா செய்த எஞ்சினில் ஒரு தூசு குறை கிடையாது. தப்பு முழுக்க முழுக்க என் கட்டைவிரலில்.

இதை அங்கேயே சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். பசையைச் சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன் அப்பா பைக்கில் வந்து இறங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்து, உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, நேராக எஞ்சினிடம் போய்ச் சாவியைத் திருப்பினார். முதல் திருகிலேயே பாட்டு! மனுஷருடைய முகம் அப்படியே வெளுத்தது. "மச்சான், என்ன ஆச்சு? என்ன நின்னுச்சு?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "எஞ்சின் நின்னுச்சு மாப்பிள்ளே." அந்த வாக்கியத்தில் பொய் ஓர் எழுத்துக்கூட இல்லை. உண்மையும் ஓர் எழுத்துக்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் ஒரு கைரோகாப்டரையே மறைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த மூன்று வார்த்தைதான். "மெக்கானிக் எஞ்சின் வானத்துல நின்னுபோச்சாமே." "தரையில நின்னா தள்ளிக்கிட்டாவது போகலாம்." பால்காரர் சர்வீஸுக்கு விட்ட வண்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். வலித்தது கால் இல்லை.

சொல்ல முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. இரண்டாம் நாள் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உயிரோட வந்து நிக்கிறதே போதும் மச்சான், உன் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிச்சிருப்பேன்" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது. சரி, ஜாடையாகச் சொல்லுவோம் என்று, "டேங்க் பக்கம் எதுக்கும் ஒரு பார்வை பார்த்தியா மாப்பிள்ளே?" என்றேன். "டேங்க் உன் வேலை. உன் கைவேலையில என்னைக்கு மச்சான் ஓட்டை இருந்திருக்கு?" என்றார். ஐயோ, ஓட்டை இல்லாததுதானே பிரச்சினை! ஆறாம் நாள் மறுபடியும் போனேன். அன்றைக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்புறம் பேசலாம் மச்சான், இப்ப போ" என்று மட்டும் சொன்னார். குரலில் உயிரே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், இறங்கவில்லை என்றுதான் சொன்னேன்.)

ஆகையால் நீதான் இதை முடித்து வைக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்தவுடன் உன் அப்பாவுக்குப் போன் செய். நீ சொன்னால் அது தீர்ப்பு. நான் சொன்னால் அது கதை. "எஞ்சின் சொக்கத்தங்கம், மூடியை அடைத்தவர் மாமா" என்று சொல். தெருவுக்குத் தெரியட்டும் என்றால் கடை ஷட்டரில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும், வர்ணம் நானே வாங்கித் தருகிறேன். ஒழுக்குக்கு எமன் என்ற பட்டத்தை இன்றோடு திருப்பிக் கொடுக்கிறேன். ஆனால் அவர் ஸ்பானரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்தக் கை ஒரு வண்டியைத் தொட்டால் வண்டி நன்றி சொல்லிவிட்டுப் போகும்; அதை நான் இருபத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை என் மூன்று வார்த்தை முடக்கிப் போட்டது என்றால், மிச்சமுள்ள நாளில் நான் எத்தனை குழாய் மாட்டியும் என்ன பிரயோசனம்?

உனக்கு நீண்ட ஆயுளும், நிற்காத எஞ்சின்களும், எல்லா மூடியிலும் தேவையான ஓட்டையும் அமையட்டும். உன் அத்தை பேச ஆரம்பித்ததும் அவளுடைய ஆசியையும் வாங்கித் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மூன்று சக்கரத்தில் ஏறி ஒற்றைக் காலில் இறங்கிய,
உன் மாமன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நீ படிக்கவில்லை. ஏனென்றால் இந்தக் கடிதம் உனக்கு வரப்போவதில்லை. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாததால் முடித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, தபால்தலை தேடி உள்ளறைக்கு நொண்டிப் போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் உன் அப்பா! கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க உன் அம்மாவோடு வந்தவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். ஓடலாமென்றால் கால் இல்லை, பறக்கலாமென்றால் வண்டி இல்லை. படித்து முடித்து நிதானமாக மடித்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா எனக்கு நாலாம் நாளே தெரியும்."

"எப்படி?"

"மூடியைத் தடவினேன். ஓரத்துல பசை. இந்த ஊர்ல ரேகை பதிய அழுத்துற ஆளு வேற யாரு?"

"தெரிஞ்சுமா கடையைத் திறக்கல? தெரிஞ்சுமா வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சே?"

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி நீ அவருக்கு அனுப்பியிருந்த பட்டியல். நாற்பது வரி. நாற்பதுக்கும் டிக். பதினேழாவது வரியில் விரலை வைத்தார்: "டேங்க் மூடி ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்க்கவும்."

"ஊதலை மச்சான். டீ ஆறிடும்னு நாப்பதுக்கும் ஒரே மூச்சுல டிக் போட்டேன். அந்த ஒரு மூச்சை மூடியில ஊதியிருந்தா நீ மேலயே போயிருக்க மாட்டே. நீ எதையாவது அடைப்பேன்னு தெரிஞ்சுதான் அவ என்கிட்ட லிஸ்டைக் குடுத்தா. எஞ்சினுக்காகவா கடையை மூடினேன்? உன்னைக் கொல்லப் பார்த்த கை இதுன்னுதான் மூடினேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.  பிறகு சண்டை தொடங்கியது. "தப்பு என்னுது மாப்பிள்ளே." "இல்ல மச்சான், என்னுது." "அடைச்சவன் நான்." "பார்க்காதவன் நான்." "என் தப்பு பெருசுய்யா!" "என் தப்புல பாதிகூட வராது உன் தப்பு!" சத்தம் கூடி, சட்டையைப் பிடிக்கும் கட்டத்துக்கு வந்தபோது உன் அத்தை ஒன்பது நாள் மௌனத்தைக் கலைத்து, "ரெண்டு பேரும் சமமான முட்டாள், போதுமா?" என்று தீர்ப்பு வழங்கினாள். இருவரும் ஏற்றுக்கொண்டோம். நாளைக்குக் கடை திறக்கிறார்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உன் ஞாபகம் வந்தது. உன் அப்பா பட்டியலைப் பார்த்தார், நான் கடிதத்தைப் பார்த்தேன். "இது அவளுக்குத் தெரிஞ்சா?" என்றார். இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுவதென்றும், உனக்கு வேறு கடிதம் எழுதுவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். அதில் எஞ்சின் நின்றதற்குக் காரணம் ஒரு பறவை. என்ன பறவை என்பதில்தான் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. நான் கழுகு என்கிறேன், அவர் புறா போதும் என்கிறார்.

அம்மா எழுதுவது: எரித்துவிடச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். தபாலில் போடுகிறேன். பின்னாலேயே ஒரு கடிதம் வரும், அதில் பறவை வரும், நம்பாதே. உன் அப்பா இன்று காலை ஷட்டரைத் தூக்கிவிட்டார். இப்போது எந்த வண்டியை வெளியே அனுப்பினாலும் ஒரு தடவை வாயை வைத்து ஊதிவிட்டுத்தான் அனுப்புகிறார், அதில் ஊத வேண்டிய இடம் இருக்கிறதோ இல்லையோ. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து திட்டு. இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத் திட்டு. தனித்தனியாகத் திட்டினால் யாருக்கு அதிகம் கிடைத்தது என்று அதற்கும் சண்டை போடுவார்கள்.